டிவியில் வரும் என் முதுகு

1

இந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், என் முதுகு மறுபடியும் டிவியில் வந்தது.

உலகத்தின் எங்கோ ஒரு மூலையில், எனக்கு ஒழுங்காகப் பெயர் சொல்லக்கூட வராத ஓர் ஊரில், எவனோ ஒரு பாவி ஓர் அக்கிரமத்தைச் செய்துவிட்டான். அவன் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவனுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் நேரில் சந்தித்தால் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கே கையைக் காலை ஆட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் செய்தி வாசிக்கும் அம்மையார் முகத்தைத் தேவையான அளவுக்குச் சோகமாக்கிக்கொண்டு, "இதற்கிடையே இங்குள்ள முஸ்லிம் சமூகத்தில்…" என்று இழுத்ததும் நான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன். அடுத்து நான்தான் என்று எனக்குத் தெரியும்.

வந்தேன். ஒரு கூடம். வரிசை வரிசையாக ஆண்கள் தொழுகையில் குனிந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் முகம் கிடையாது. முதுகு, இடுப்பு, காலுறை, அவ்வளவுதான். கடைசி வரிசையின் இடது ஓரத்தில் கட்டம் போட்ட சட்டை. வலது குதிகாலில் காலுறை கிழிந்து எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு மஞ்சப்பை. அந்தச் சட்டை, அந்தக் குதிகால், அந்தப் பை மூன்றும் என்னுடையவை.

அந்தக் காட்சியை எடுத்தபோது என் மகள் நஸ்ரின் தவழ்ந்துகொண்டிருந்தாள். இன்று அவள் தன் அம்மாவை விட உயரம். எனக்கு முடி கொட்டிவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. டிவியில் இருக்கும் முதுகுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. சினிமாக் கதாநாயகர்களுக்குக்கூடக் கிடைக்காத பாக்கியம் அது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்திவிடுகிறேன். என் பெயர் சாகுல். ராஜபாளையத்துக்காரன். இங்கிலாந்தின் வடக்கே, மழை பெய்வதைத் தவிர வேறு ஜோலி இல்லாத ஓர் ஊரில், ஆஸ்பத்திரிச் சாமான்கள் வைக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறேன். மனைவி மும்தாஜ் நர்சரிப் பள்ளி ஒன்றில் உதவியாளர். நஸ்ரின் எங்களுக்கு ஒரே பிள்ளை.

வழக்கமாக என் முதுகு வரும்போது நஸ்ரின் கிண்டலடிப்பாள். "அத்தா, இந்தத் தடவையாவது சாக்ஸ் மாத்தியிருக்கக் கூடாதா?" என்பாள். அன்று தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

2

காரணத்தை மறுநாள் மும்தாஜ்தான் சொன்னாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று நஸ்ரின் சத்தியம் வாங்கியிருந்தாளாம். இவள் தலையை ஆட்டிவிட்டு, விடிந்ததும் டீயோடு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நஸ்ரினின் வகுப்பில் ஒரு பாடம், ஊடகங்களைப் பற்றியது. ஆசிரியை நல்ல மனுஷி. யாரையும் வெறுக்கக் கூடாது என்பதை எப்படியாவது பிள்ளைகள் மண்டையில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறவர். அதற்காக ஒரு வீடியோத் துண்டைப் போட்டுக் காட்டி, "இதைப் பார்த்ததும் உங்கள் மனசில் வரும் முதல் வார்த்தையைச் சொல்லுங்கள், தப்பு என்று எதுவும் இல்லை" என்றிருக்கிறார். பிள்ளைகளும் சொல்லியிருக்கிறார்கள். பயம். ரகசியம். கூட்டம். கோபம். ஒரு பையன் "பை" என்றானாம். ஏன் என்று ஆசிரியை கேட்டதற்கு, "அதுக்குள்ள என்ன இருக்கோ" என்றானாம். ஆசிரியை எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, "பார்த்தீர்களா, இப்படியெல்லாம் நாம் நினைக்கக் கூடாது" என்று பாடத்தை முடித்திருக்கிறார். நினைக்கக் கூடாதவை எல்லாம் மணி அடிக்கும் வரை பலகையிலேயே இருந்திருக்கின்றன.

என் மகள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீடியோவில் இருந்தது அவளுடைய அத்தாவின் குதிகால், பலகையில் இருந்தது அவளுடைய அத்தாவின் பை. அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணுஞ் சொல்லலையா?" என்று மும்தாஜிடம் கேட்டேன்.

"என்னத்தச் சொல்லச் சொல்லுதீக? அத்தன பிள்ளைக முன்னால, அது எங்கத்தான்னு எந்திரிச்சு நிக்கச் சொல்லுதீகளா?"

நிற்க வேண்டும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வலித்தது. அந்நியர்கள் என் முதுகைப் பார்த்துப் பயந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன், சிரித்துச் சிரித்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளை அதைத் தெரியாத முதுகாக்கிவிட்டாள் என்றால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த வாரமே அவள் இன்னொன்றும் சொன்னாள். பள்ளிக்குக் கூப்பிட வரும்போது தெருமுனையிலேயே நிற்கச் சொன்னாள். அந்தப் பையையும் கொண்டுவர வேண்டாமாம்.

3

அந்தப் பையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் என் சிநேகிதன் கோவிந்துவுக்குப் பால்கோவாக் கடை. கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம் என்று சொன்னால் பொய். ஒன்றாகக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டோம் என்பதே சரி. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கோவிந்து ஒரு மஞ்சப்பை நிறையப் பால்கோவாப் பொட்டலங்களை அடைத்துக் கொடுப்பான். பையில் ஆண்டாள் கோயில் கோபுரம் அச்சடித்திருக்கும், தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருக்கிறதே, அதே கோபுரம். கீழே கடைப் பெயர், அதற்குக் கீழே 'சுத்தமான பசும்பால்'.

நஸ்ரின் பிறந்து முதல் முறையாக ஊருக்குப் போய்த் திரும்பிய அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று பையைத் தொழுகைக்கு எடுத்துப் போனேன். எங்கள் பள்ளிவாசல் ஒரு காலத்தில் கம்பளக் கடையாக இருந்த இடம். செருப்பு வைக்கும் இடத்தில் பையை விட்டிருக்கலாம். ஆனால் நான் எங்கள் ஊர் ஆள். மதுரை பஸ்ஸில் பையை மேல்தட்டில் வைத்தால்கூடக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தூங்கிப் பழகியவன். பையைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பது எங்கள் ரத்தத்தில் இல்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழுதேன்.

அன்றுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடமில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் புகார் செய்திருந்தார்கள், அதைப் பற்றிய செய்தி. கேமராவோடு வந்த இளைஞன் மிகவும் தன்மையானவன். "உங்கள் மீதுள்ள மரியாதையால் முகங்களை எடுக்க மாட்டேன்" என்றான். பின்னால் போய் நின்றான். மரியாதையோடு எங்கள் பின்புறங்களை எடுத்தான்.

தொழுகை முடிந்ததும் அவனுக்கும் பால்கோவா கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான். கூடமே அவனைச் சுற்றி நின்று சிரித்தது. சோமாலியாக்காரர் ஒருவர் சமையல் குறிப்புக் கேட்டார். ஒரு கிழவர் பால்கோவாவோடு சேர்த்துத் தாளையும் மென்றார். இவ்வளவு முகங்கள் எதிரே நின்றன. கேமராவை அவன் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தான்.

கார் நிறுத்தும் செய்தி ஒரே நாளில் செத்துப்போனது. என் முதுகு பிழைத்துக்கொண்டது.

4

ராஜபாளையத்தில் எங்களைப் படம் பிடித்தவர் காளிராஜ் அண்ணன். உள்ளூர் கேபிள் டிவிக்குக் கேமராமேன், செய்தியாளர், விளம்பரம் பிடிப்பவர், கம்பி அறுந்தால் மரம் ஏறுபவர் எல்லாம் அவரே. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் அவர்தான், மாதா கோயில் சப்பரத்துக்கும் அவர்தான், எங்கள் பெருநாள் தொழுகைக்கும் அவர்தான்.

அவர் ஈத்கா மைதானத்துக்கு வந்தால் நேராக முன்வரிசைக்கு முன்னால் போய் நிற்பார். தொழுகிறவர்களுக்கு முன்னால் அப்படிக் குறுக்கே நிற்கக் கூடாது. தொழுகை நடத்தும் ஹஜ்ரத் ஒவ்வொரு வருஷமும் அவரிடம் மல்லுக்கு நிற்பார்.

"ஏம்ப்பா காளிராஜு, தொழுகிற ஆளுக முன்னால நிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதது? பின்னாடி போப்பா."

"பின்னாடி போனா முதுகுதான் ஹஜ்ரத் வரும். முதுக எவன் பாப்பான்? ராத்திரி வீட்டுக்கு வீடு ஒக்காந்து அவிய அவிய ஆளத் தேடுவாக. எங்க வீட்டுக்காரரக் காட்டவே இல்லன்னு பொறவு என் வீட்டுக்கே வந்து சண்டைக்கு நிப்பாக. எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுராதீக."

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. தொழுகை முடியும் வரை காளிராஜ் அண்ணன் சுவர் ஓரமாகக் குத்தவைத்திருப்பார். முடிந்ததும் எல்லோரும் அவர் கேமராவைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். "பாய், செத்த நேரம் நில்லுங்க. தொப்பியச் சரி பண்ணுங்க. மொதலாளி, பல்லக் காட்டுங்க, பெருநாளும் அதுவுமா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்திச் சிரிக்க வைப்பார். அன்று ராத்திரி ராஜபாளையமே எங்கள் பல்லைப் பார்த்தது. பக்கத்து வீட்டு ராஜு மாமா மறுநாள் காலையில், "என்னடே சாகுல், ஒங்கத்தா புதுச்சட்டையில பட்டன மாத்திப் போட்டிருந்தாரே" என்று விசாரித்தார்.

காளிராஜ் அண்ணன் எந்த நாட்டிலும் இதழியல் படித்தவரில்லை. மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எம்.எல்.ஏவைப் பேட்டி எடுத்தவர். ஆனால் கேமராவை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

5

கார் நிறுத்தும் செய்திக்குப் பிறகு என் முதுகுக்கு வந்த வாய்ப்புகளைச் சொல்கிறேன். குண்டு வெடித்தால் வந்தது. தேர்தல் வந்தால் வந்தது. அகதிகள் படகில் வந்தால் என் முதுகும் கூடவே வந்தது. பள்ளிச் சாப்பாட்டில் ஹலால் இறைச்சி போடலாமா என்ற விவாதத்திலும் குனிந்தபடி கலந்துகொண்டேன். ஒரு முறை எண்ணெய் விலை ஏறியதற்கும் என்னைத்தான் காட்டினார்கள். எனக்கும் எண்ணெய்க்கும் உள்ள ஒரே உறவு, வாரக் கடைசியில் மும்தாஜ் போடும் உளுந்த வடை.

இந்த நாட்டுக்காரனே ஒருவன் துப்பாக்கியோடு கிளம்பி நாலு பேரைச் சுட்டுவிட்டால் அவனுக்கு முகம் கிடைக்கிறது. பால்பல் விழுந்த வயதில் நாய்க்குட்டியோடு எடுத்த படம் எங்கிருந்தாவது வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அமைதியான பையன், குப்பைத் தொட்டியைச் சரியாக வெளியே வைப்பான் என்பார். டாக்டர் வந்து அவன் மனசைப் பற்றிப் பேசுவார். அவன் கும்பிடப்போன கோயிலில் மற்றவர்கள் மண்டியிட்டிருப்பதை யாரும் பின்னால் இருந்து காட்டியதில்லை. காட்டவும் வேண்டாம். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

வேலையிடத்தில் பீட்டர் என்று ஒருவர். தங்கமான மனுஷன், என் கார் ரிப்பேரானால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார். டிவியில் ஏதாவது வந்த மறுநாள் டீ நேரத்தில் தொண்டையைச் செருமுவார்.

"சாகுல், இதைப் பற்றி உங்கள் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்?"

"எந்த ஆட்கள், ராஜபாளையத்துக்காரர்களா? மாங்காய் இந்த வருஷம் சரியில்லை என்கிறார்கள்."

அவர் சிரிப்பார். அடுத்த தடவையும் கேட்பார். எங்கள் கிடங்குக்கு வரும் காயக்கட்டுத் துணிப் பெட்டிகள் சில ராஜபாளையம் பக்கத்துத் தறிகளில் நெய்தவை. நான்தான் பிரித்து அடுக்குகிறேன். இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் எங்கள் பக்கத்துத் துணியைக் காயத்தின் மேல் சுற்றிக்கொண்டு படுத்தபடியே என் முதுகைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு முறை வானொலியில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார். விவாதத்துக்கு ஒரு மிதமான முஸ்லிம் தேவையாம். சாப்பாட்டுக் கடையில் காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் அதே குரல். எங்கள் ஊரில் மிளகாய்ப்பொடி தாராளமாகப் போடுவோம் என்றேன். வைத்துவிட்டார்.

6

அந்தக் காட்சி வந்த புதிதில் முதலில் கண்டுபிடித்தவன் கோவிந்து. இங்குள்ள அவனுடைய மைத்துனன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, கடைச் சத்தத்துக்கு நடுவில் இருந்து கூப்பிட்டான்.

"ஏலே மாப்ள! நம்ம கடைப் பை லண்டன் டிவில வருதுலே! எம்புட்டு நேரம் காட்டுதான் தெரியுமா? இம்புட்டுத் துட்டு குடுத்தாலும் எவன்லே நமக்கு வெளம்பரம் போடுவான்!"

"அது என்ன செய்தின்னு கேட்டியா கோவிந்து?"

"எவனுக்கு வேணும் செய்தி? கோபுரம் நல்லாத் தெரியுது. ஆனா பைய ஏம்லே இப்படிக் கசக்கி வச்சிருக்க? கடை பேரு மடிப்புக்குள்ள போயிருச்சு. அடுத்த தடவ விரிச்சு வையி."

அடுத்த தடவை என்று அவன் சர்வசாதாரணமாகச் சொன்னதை நினைத்து ஒரு வாரம் சிரித்தேன். அதற்குள் இணையத்தில் சில துப்பறியும் நிபுணர்கள் அந்தப் பையைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். எழுத்து எந்த நாட்டுச் சங்கேதம் என்று விவாதம் நடந்தது. ஒருவர் கோபுரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, தாக்கப்படவிருக்கும் கட்டிடம் இதுதான் என்று எழுதியிருந்தார். ஆண்டாள் கோயிலைக் காப்பாற்ற ஓர் ஆங்கிலேயர் இவ்வளவு பாடுபட்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

போன வருஷம் கோவிந்து மறுபடி கூப்பிட்டபோது கடைச் சத்தம் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய்ப் பேசுகிறான் என்று தெரிந்தது. நம் தமிழ் டிவி ஒன்றில் அதே காட்சியை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மேலே 'கோப்புக் காட்சி' என்று எழுதி, பயமுறுத்தும் இசை வைத்து, நாலு பேரைச் சண்டை போட விட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு நம்மிடம் எப்போதும் மவுசு உண்டு. பயத்தையும் இறக்குமதி செய்துகொண்டார்கள், அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையோடு.

"கடைக்கு வந்து கேக்கானுவ மாப்ள. ஒங்க பை அங்க எப்படிப் போச்சுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"துட்டுக் குடுத்து வாங்குனவன் தூக்கிட்டுப் போறான், ஒனக்கு என்னலேன்னு கேட்டேன். கடையில நிக்குத சின்ன மச்சினன் பையில வேற படம் போடலாங்கான். எங்கப்பா காலத்துலருந்து இந்தக் கோபுரந்தான், மாத்த மாட்டேன்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நான் மாத்தல மாப்ள. ஆனா கேக்கானுவ. முந்தி கேக்க மாட்டானுவ."

நான் பேச்சை மாற்றினேன். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். இங்கே பெய்கிறது, அங்கே பெய்யவில்லை.

அப்போதுகூட நான் புகார் செய்யவில்லை. நஸ்ரின் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்த பிறகுதான் செய்தேன்.

7

டிவி நிலையத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தபோது என் ஆங்கிலம் காலை வாரியது. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பேக் சைடு உண்டு, மில்லுக்குப் பேக் சைடு உண்டு, பஸ் ஏறினால் கண்டக்டரே பேக் சைடு போகச் சொல்லுவார். அதே தைரியத்தில், எனது பேக் சைடைப் பல வருடங்களாக நீங்கள் அனுமதியின்றி ஒளிபரப்பி வருகிறீர்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இந்த ஊரில் அந்தச் சொல் முதுகில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கிவிடும் என்று மும்தாஜ் பின்னால்தான் சொன்னாள். புகாரைப் படித்து அந்த அலுவலகம் எத்தனை நாள் சிரித்ததோ, பதில் மட்டும் சீக்கிரம் வந்தது. ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன்.

"காட்சியில் உங்கள் முகம் தெரிகிறதா?"

"இல்லை. அதுதான் என் புகார்."

"முகம் தெரியவில்லை என்றால் உங்கள் தனியுரிமை பாதிக்கப்படவில்லையே."

"முகத்தைக் காட்டியிருந்தால் புகாரே செய்திருக்க மாட்டேன் அம்மா. அன்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்."

அவர் எதையோ தட்டிக்கொண்டார். "அது நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

பாஸ்போர்ட் இருக்கிறது என்றேன். பாஸ்போர்ட்டில் முன்பக்கம்தானே இருக்கும் என்றார். சரி, திரும்பி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளாமல், மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் காட்சியில் பார்ப்பவர்கள் உங்களை எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்று கடைசியாகக் கேட்டார்.

"பையை வைத்துத்தான். எங்கள் ஊரே அந்தப் பையை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தது."

"அப்படியானால் அதற்கு ஒரு வழி செய்கிறோம்" என்றார். மனம் குளிர்ந்துபோனது. காட்சியையே தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று மும்தாஜிடம் சொன்னேன். நஸ்ரினின் அறைக் கதவைத் தட்டி, "இனிமே அத்தா முதுகு வராதும்மா" என்றேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். தெருமுனையில் நிற்பது மட்டும் மாறவில்லை.

8

போன சனிக்கிழமை நஸ்ரினின் வகுப்புத் தோழிகள் எமிலியும் சோபியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏதோ படம் பார்க்கும் திட்டம். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில், தட்டுகளை எடுத்துக் கொடுத்தபடி, கண்ணில் படாமல் நடமாடிக்கொண்டிருந்தேன். நல்ல அப்பாக்கள் இங்கே அப்படித்தான் இருக்க வேண்டும்.

படம் தேடுகிறேன் என்று சேனலை மாற்றும்போது இடையில் செய்தி வந்தது. எங்கோ, யாரோ, எதையோ செய்திருந்தார்கள். அம்மையார் இழுத்தார். கூடம் வந்தது, வரிசை வந்தது, கட்டம் போட்ட சட்டை வந்தது, கிழிந்த காலுறை வந்தது. எல்லாம் துலக்கமாக, சுத்தமாக, முன்பை விட நன்றாகத் தெரிந்தன. பை இருந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு மூட்டம். எனக்கு ஒரு வழி செய்துவிட்டார்கள். பையை மங்கலாக்கியிருந்தார்கள்.

அந்தக் கோபுரத்தோடும் 'சுத்தமான பசும்பால்' என்ற வாசகத்தோடும் பார்த்தபோதே ஜனங்கள் பயந்தார்கள். இப்போது அந்தப் பைக்குள் டிவியே காட்டப் பயப்படும் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு வினாடி எனக்கே திக்கென்றது.

"ஐயோ, அந்தப் பையில என்னதான் இருக்கு?" என்றாள் எமிலி.

நான் கையில் தட்டோடு நின்றுவிட்டேன். நஸ்ரின் டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். அன்றும் என் காலுறையில் ஓட்டைதான், அதை விடுங்கள்.  ரிமோட் அவள் கையில்தான் இருந்தது. ஒரு விரலை அழுத்தினால் போதும், படம் ஓடத் தொடங்கிவிடும். அவள் அழுத்திவிடுவாள் என்றே நினைத்தேன்.

"பால்கோவா" என்றாள்.

"என்னது?"

"பையில பால்கோவா இருக்கு. அது எங்கத்தா. அந்தச் சட்டை இன்னும் எங்கம்மா தூக்கிப் போடல, அலமாரியில இருக்கு. சாக்ஸ் வேணும்னா இங்கயே பாத்துக்கோங்க." ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் குரலில் அந்த வெட்டும் தெனாவட்டும் அசல் ராஜபாளையம். சண்டைக்கு நிற்கும் குரல். 

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். கோவிந்து போன வாரம்தான் ஊரில் இருந்து வந்த ஒருவரிடம் புதுப் பை கொடுத்துவிட்டிருந்தான். மடித்தாலும் தெரியும்படி கடைப் பெயரை இரண்டு மடங்கு பெரிதாக அச்சடித்திருந்தான். அந்தப் பையை அப்படியே தூக்கி வந்து சிநேகிதிகளின் நடுவில் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்துத் தானே முதலில் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "அத்தா, நீங்க ஏன் ஒளிஞ்சு நிக்கிறீங்க? வந்து உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். டிவியைப் பார்த்தபடி இல்லை, அவர்களைப் பார்த்தபடி. சோபி ஒரு துண்டைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எமிலி மெதுவாக மென்றாள்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள். "ஆனா இதுதான்னா, எதுக்கு மறைச்சாங்க?"

நான் கேட்டுத்தான் மறைத்தார்கள் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சோபி இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள். எமிலிக்கும் இன்னொன்று வேண்டியிருந்தது. கையை நீட்டினாள். ஆனால் எடுப்பதற்கு முன்னால், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.